ஒரே நாரத்தம்பழமும் ஆனா ஸோரக்கும்

துபெலிஷ் ஊருக்கு வந்து ஸோரக் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. 'ஆனா ஸோரக்' என்று கேட்கவேண்டும். அப்போது சந்தையில் மீன் விற்கிறவள்கூட எழுந்து நின்று கையை நீட்டிக் காட்டுவாள். வாத்து இறகு வியாபாரி அவன். கிராமம் கிராமமாக வண்டி கட்டிக்கொண்டு போய் இறகு வாங்கி வந்து, தரம் பிரித்து, மெத்தைக்கும் தலையணைக்கும் விற்பான். யார் எதைச் சொன்னாலும் அவன் வாயிலிருந்து வரும் முதல் சொல் 'ஆனா'. நல்ல வெயில் என்று சொல்லிப் பாருங்கள், "ஆனா" என்று ஆரம்பித்துவிடுவான். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அந்த 'ஆனா'வின் பாதிச் சுமையைத் தாங்கியவர் ரபி அவிக்தோர். யூதர்களின் மதகுரு, ஊருக்கே தீர்ப்புச் சொல்கிற மனிதர். ஸோரக் வாசல்படி ஏறுவதைப் பார்த்தால் மட்டும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்துக்கொள்வார்.

"ரபி, ஓய்வுநாள்ல சுமை தூக்கிக்கிட்டுத் தெருவுல நடக்கக்கூடாது. சரி. தலையணை இறகு ஒண்ணு என் தாடியில ஒட்டியிருக்கு. நான் தெருவுல இறங்கிட்டேன். நான் சுமை தூக்கினவனா இல்லையா?"

"ஒட்டியிருந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ தப்பில்லை. போய்ட்டு வா."

"ஆனா வாசல்ல நின்னு பொண்டாட்டி கூப்பிட்டுச் சொல்லிட்டா?"

"உனக்குத்தான் பொண்டாட்டியே கிடையாதே, ஸோரக்!"

"அதனாலதான் ரபி கேக்கறேன். இருக்கிறவன் அவளையே கேட்டுக்குவான்."

ரபி தலையில் கை வைத்துக்கொள்வார். ஆனால் அவன் போனபிறகு அலமாரியிலிருந்து நாலு புத்தகம் இறங்கும், தாடியில் ஒட்டிய இறகைப் பற்றிப் பழைய அறிஞர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று விளக்கு அணைகிறவரை தேடிக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் ஒரே ரகம். ஒருவருக்கு அதுவே வேலை, இன்னொருவனுக்கு அது வியாதி என்பதுதான் வித்தியாசம்.

ஸோரக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் அதற்கும் ஒரு 'ஆனா' வைத்திருந்தான். இப்படித் தனிக்கட்டையாக இருந்தவன் வீட்டுக்கு ஒரு குளிர்காலத்தில் டோப்ரா வந்து சேர்ந்தாள். அவனுடைய தங்கையும் தங்கை புருஷனும் விஷக் காய்ச்சலில் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். மிஞ்சியது அந்தப் பெண்குழந்தை. அப்போது அதற்குப் பேச்சுகூடச் சரியாக வரவில்லை. "கொஞ்ச நாள் என்கிட்ட இருக்கட்டும்" என்று தூக்கிக்கொண்டு வந்தான். அந்தக் கொஞ்ச நாள் வளர்ந்து, குழந்தைக்கு முன்பல் விழுகிற வயதும் வந்துவிட்டது.

கடைத்தெருவில் அவன் பேச்சு மட்டும் மாறவே இல்லை. "என்னய்யா, பொண்ணு எப்படியிருக்கா?" என்று யாராவது கேட்டால் போதும், "என் பொண்ணா? தர்மத்துக்கு வளக்கறேன்யா! என் தலையில கட்டிட்டுப் போய்ட்டாங்க" என்பான். சொல்லிவிட்டு, அவளுக்கு வாங்கிய இஞ்சி பிஸ்கட்டைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொள்வான்.

குழந்தையின் அப்பா வழியில் பெரியப்பா ஒருவர் உண்டு, ஆன்ஷல். மரவியாபாரி, வசதியானவர், நல்ல மனிதர். அவருக்கும் மனைவி ஹின்டாவுக்கும் பிள்ளை இல்லை. ஸோரக் இறகு வாங்க வெளியூர் போகிற நாளெல்லாம் டோப்ரா அங்கேதான் சாப்பிடுவாள், தூங்குவாள். அவள் கால் பூட்ஸிலிருந்து தலை முக்காடுவரை ஹின்டா வாங்கியது. அந்தக் கோடையில் ஆன்ஷல் ஸோரக் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"பண்டிகை முடிஞ்சதும் நாங்க க்ரோட்னோ பட்டணத்துக்கே போயிடறோம். குழந்தையையும் கூட்டிக்கிட்டுப் போறோம். அங்க பள்ளிக்கூடம் இருக்கு, டாக்டர் இருக்கார். நீ என்ன சொல்றே?"

"நல்லதுதானே" என்றான் ஸோரக். பிறகு, "ஆனா..." என்றான்.

ஆன்ஷல் காத்திருந்தார். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை. அவன் ஆயுளில் முதல்முறையாக ஒரு 'ஆனா' பாதியில் நின்றது. என்ன சொல்வான்? பள்ளிக்கூடம் வேண்டாம் என்றா? டாக்டர் வேண்டாம் என்றா? சரி என்று எடுத்துக்கொண்டு ஆன்ஷல் எழுந்து போனார். அன்றிலிருந்து ஸோரக்குக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பண்டிகை நெருங்க நெருங்க எல்லோர் முகமும் மலர்ந்தது, அவன் முகம் தொங்கிப்போனது.

பண்டிகை என்றால் கூடாரப் பண்டிகை. முற்றத்துக்கு முற்றம் தழைக்கூரை போட்ட கூடாரம் எழும்பிவிட்டது. ஆனால் அந்த வருஷம் ஊருக்குப் பெரிய கவலை, நாரத்தம்பழம் வரவில்லை. பண்டிகை முதல் நாள் காலையில் குருத்தோலையும் நாரத்தம்பழமும் கையில் பிடித்து ஆசீர்வாதம் சொல்லவேண்டும் என்பது வேதமான தோராவின் கட்டளை. நம் பக்கத்துக் குளிரில் நாரத்தை எங்கே விளையும்? கடல் தாண்டி வரவேண்டும். கப்பலுக்கு என்ன ஆயிற்றோ, வரவில்லை. கடைசியில் பழத்தோடு வந்து இறங்கியவன் யார் என்கிறீர்கள்? நம் ஸோரக்! க்ரோட்னோவில் ஒரு வியாபாரியிடம் இரண்டு மெத்தை நிறைய முதல்தர இறகைக் கொடுத்து, ஒரே ஒரு பழத்தைச் சணல் பஞ்சில் பொதிந்து, குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தான். ஊரே அவனைத் தோளில் தூக்காத குறை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் நாள் பழம் அவரவருக்குச் சொந்தமாக இருக்கவேண்டும். இரவல் பழத்தில் கடமை கழியாது. ஊருக்கு ஒரே பழம் என்றால் என்ன செய்வது? பழைய அறிஞர்கள் வழி சொல்லி வைத்திருக்கிறார்கள். சொந்தக்காரன், "திருப்பித் தரணும்கிற நிபந்தனையோட இதை உனக்குத் தானமாத் தர்றேன்" என்று சொல்லிக் கொடுப்பான். வாங்கியவனுக்கு அந்த நிமிஷம் அது சொந்தம். ஆசீர்வாதம் சொல்லித் திருப்பிக் கொடுப்பான். அடுத்தவனுக்குப் போகும். தன் முறை முடிகிறவரை யாரும் வாயில் ஒரு துண்டு ரொட்டிகூடப் போடமாட்டார்கள்.

அன்று காலை ஜெப ஆலயம் நிரம்பி வழிந்தது. பழத்தின் சொந்தக்காரன் ஸோரக். அவன் முதலில் நின்றான். பின்னால் ரபி, அவர் பின்னால் ஆன்ஷல், அவர் பின்னால் இறைச்சிக்கடை கெட்ஸல், அப்புறம் ஊர். மேல்மாடத்தில் பெண்கள். ஸோரக் குருத்தோலையையும் பழத்தையும் சேர்த்துப் பிடித்து ஆசீர்வாதம் சொன்னான், நாலு திசையும் மேலும் கீழும் ஆட்டினான். ஓலையை மேஜையில் வைத்தான். பக்கத்தில் டோப்ரா நின்றிருந்தாள்.

"மாமா, எனக்கு வாசனை பாக்கணும்."

அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் எட்டு ஒன்பது நாளில் இவள் வண்டியேறிவிடுவாள். வேறு எதைக் கொடுப்பான் அவளுக்கு? இத்தனை வருஷத்தில் எதையும் வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்ததில்லையே!

"இந்தாம்மா, இது உனக்கே உனக்கு. மாமா குடுத்தது" என்று பழத்தை அவள் இரண்டு கையிலும் வைத்து, தன் கையை எடுத்துவிட்டான்.

ரபி கண்ணை மூடிக்கொண்டார்.

"ஸோரக், என்ன பண்ணிட்டே?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஊரில் வேறு எவனாவது இதைச் செய்திருந்தால் முதல் ஆளாகத் தாவிப் பாய்ந்திருப்பவன் அவன்தான். எத்தனை முறை படித்திருக்கிறான்! முதல் நாள், எல்லோரும் முடிப்பதற்கு முன்னால், சின்னக் குழந்தை கையில் பழத்தைக் கொடுக்காதே. குழந்தைக்கு ஒரு பொருள் சொந்தமாகும். ஆனால் அது திருப்பிக் கொடுத்தால் அந்தக் கொடுப்பு செல்லாது.

"அதுக்கென்ன, பாப்பா கையிலேர்ந்து வாங்கிடலாம்" என்றான் கெட்ஸல்.

"வாங்கலாம். ஆனா அது அவ பழமாத்தான் இருக்கும். இரவல் பழத்துல நீ ஆசீர்வாதம் சொல்லுவியா?" என்றார் ரபி.

கூட்டம் கொதித்துப்போனது. "ஒரு வருஷம் பூராக் காத்திருந்தோமேய்யா!" "இறகு மண்டையா!" "கேள்வி கேக்கத் தெரியுது, கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியலையே!" டோப்ரா பழத்தை மார்போடு அணைத்துக்கொண்டு எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கத்தாதீங்க. நானும் பசியோடதான் நிக்கறேன்" என்று ரபி கையமர்த்தினார். "வழி இருக்கான்னு பாப்போம். குழந்தை ரொம்பச் சின்னதா இருந்தா, அது கைக்குப் போன பொருள் அதுக்குச் சொந்தமாவே ஆகாது. கல்லையும் கொட்டையையும் குடுத்துப் பாக்கணும்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. கல்லை எறிஞ்சுட்டுக் கொட்டையை வச்சுக்கிட்டா விவரம் வந்திருச்சுன்னு அர்த்தம்."

ஒருவன் வாசலுக்குக் கல் எடுக்க ஓடினான்.

"ஆனா பண்டிகை நாள்ல கல்லைத் தொடக்கூடாதே" என்றான் ஸோரக். பாவம், பழக்கதோஷம்.

"வாயை மூடுய்யா!" என்று நாலு பேர் பாய்ந்தார்கள்.

"அவன் சொல்றது சரி. வாயாலேயே கேட்டுடுவோம்" என்று ரபி குனிந்தார். "டோப்ராக் கண்ணு, இங்க ஒரு கல்லும் ஒரு வால்நட்டும் இருந்தா நீ எதை எடுத்துக்குவே?"

"ரெண்டையும்."

"ரெண்டையுமா? கல்லு எதுக்கும்மா?"

"கல்லு இல்லாம வால்நட்டை எப்படி உடைக்கிறது?"

மேல்மாடத்தில் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ரபியும் சிரித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "விவரம் இல்லைன்னு சொல்ல வழியே இல்லை. பழம் இவளோடதுதான்."

"நான் குடுத்துடறேனே, எல்லாருக்கும்" என்றாள் டோப்ரா.

"நீ குடுத்தாச் செல்லாதும்மா. குடுக்கறதுக்கு உனக்கு வயசு பத்தாது."

"வாங்கறதுக்கு மட்டும் பத்துமா?"

ரபி நிமிர்ந்து ஸோரக்கைப் பார்த்தார். "யார் வளர்ப்புன்னு தனியாச் சொல்லவே வேண்டாம்" என்றார். ஆறு ஏழு வயதுக் குழந்தை கொடுத்தால் செல்லும் என்று சொல்கிற அறிஞர்களும் உண்டு என்று கெட்ஸல் எடுத்துக்கொடுத்தான். ரபி தலையாட்டினார். "உண்டுதான். வேற வழியே இல்லைன்னா அந்த வாசல்ல நுழையலாம். தோரா சொன்ன கட்டளைக்குச் சந்தேகத்தோட ஆசீர்வாதம் சொல்ல எனக்கு மனசு வரலை. இன்னொரு வழி இருக்கு. ஒருத்தர் மேஜையை நம்பிச் சாப்பிடற பிள்ளையோட கை, அவரோட கை மாதிரி. பிள்ளைக்குக் குடுத்தது அவருக்கே சேரும்."

"அப்போ ஸோரக்குக்குத்தானே சேரும்! முடிஞ்சது!" என்று கெட்ஸல் கையை நீட்டினான்.

"இரு. தர்மமாச் சோறு போட்டா அந்தக் கணக்கு வராது. அனாதைக்கு வந்தது அனாதைக்கே. ஸோரக், உன்னைக் கேக்கறேன். நீ இவளுக்குப் போடறது தர்மமா, இல்ல இவ உன் மேஜைப் பிள்ளையா?"

ஸோரக் ஏறிட்டபோது எதிரில் ஆன்ஷலின் முகம். வெளுத்துப்போயிருந்தது. இது பழத்தைப் பற்றிய கேள்வி இல்லை என்பது இரண்டு பேருக்குமே புரிந்துவிட்டது.

"நீதானேய்யா கடைத்தெருவுல சொல்லுவே, தர்மத்துக்கு வளக்கறேன்னு? நாங்கல்லாம் கேட்டிருக்கோமே" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"சொன்னேன்" என்றான் ஸோரக். "ஆனா..."

மறுபடியும் நின்றுவிட்டது. சண்டாளப் பயல், ஊர் உலகத்துக்கெல்லாம் வியாக்கியானம் சொல்லுவான், தன் நெஞ்சில் இருப்பதைச் சொல்ல ஒரு வார்த்தை வராது!

ஆன்ஷல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரபி, நானும் சொல்லணும். என் வீட்டுலயும் குழந்தை சாப்பிடறா. அவ போட்டிருக்கிற துணி நாங்க வாங்கினது. பண்டிகை முடிஞ்சா எங்ககூட வரப்போறா. எங்க மேஜைப் பிள்ளைன்னு ஏன் சொல்லக்கூடாது? அப்படின்னா பழம் எனக்குச் சேரும். நான் எல்லாருக்கும் தர்றேன்."

"யாருக்குச் சேர்ந்தா என்னய்யா, சீக்கிரம் சேரட்டும்!" என்று கெட்ஸல் முனகினான்.

ரபி தாடியை உருவிக்கொண்டே யோசித்தார். "ஸோரக்குக்குப் பழம் திரும்ப வேணும். ஆன்ஷலுக்குக் குழந்தை வேணும். மத்தவங்களுக்குச் சோறு வேணும். உங்க யார் பேச்சையும் நான் எடுத்துக்கமுடியாது. இவளையே கேக்கறேன்."

"ஆனா குழந்தை சாட்சி செல்லாதே, ரபி!" என்றான் ஸோரக். தனக்கே குழி தோண்டிக்கொள்கிறோம் என்ற நினைப்புகூட இல்லை.

"சாட்சி யார் கேட்டா? பசியைப் பத்திக் கேக்கப்போறேன். அதைப் பசிச்சவளைத்தான் கேக்கணும்." ரபி தரையில் மண்டியிட்டு அவள் உயரத்துக்கு வந்தார். "டோப்ரா, சாப்பாட்டு நேரம் இல்லை. யாரும் உன்னைக் கூப்பிடலை. உனக்குப் பசிக்குது. பெரியப்பா வீட்டுல இருந்தா என்ன பண்ணுவே?"

"பெரியம்மாகிட்டப் போய், ஒரு துண்டு ரொட்டி தர்றீங்களான்னு கேப்பேன்."

"மாமா வீட்டுல?"

"அங்க எதுக்குக் கேக்கணும்? ரொட்டி மண்பானைக்குள்ள இருக்கும். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி எடுத்துக்குவேன்."

"மாமா ஒண்ணும் சொல்லமாட்டாரா?"

"கத்துவாரு. பானையை ஏன் மூடலைன்னு."

ஆன்ஷல் ஒரு அடி முன்னால் வந்தார்.

"கண்ணு, நாங்க எப்பவாவது இல்லைன்னு சொல்லியிருக்கோமா?"

"இல்ல பெரியப்பா. கேட்டப்பல்லாம் குடுத்தீங்க."

ரபி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "கேட்டு வாங்கினா அது எவ்வளவு அன்பாக் குடுத்தாலும் தர்மம்தான். கேக்காம எடுத்துக்கிட்டா அதுதான் மேஜை. நான் இப்படித்தான் புரிஞ்சுக்கறேன். இதைவிட நல்லா யாராவது சொன்னா நான் கேட்டுக்கறேன். பழம் ஸோரக்கோடது" என்றார். பிறகு ஆன்ஷல் பக்கம் பார்த்துத் தணிந்த குரலில் சேர்த்துக்கொண்டார்: "நான் தீர்ப்புச் சொன்னது பழத்துக்கு மட்டும்தான். குழந்தை விஷயத்தை நீங்க ரெண்டு பேரும் பேசிக்கணும்."

டோப்ரா பழத்தை ஒருமுறை ஆழ முகர்ந்து பார்த்துவிட்டு மாமாவிடம் நீட்டினாள். ஸோரக் வாங்கினான். ரபிக்குக் கொடுத்தான், அவர் ஆசீர்வாதம் சொல்லித் திருப்பித் தந்தார். அடுத்தது ஆன்ஷல். ஸோரக் நிபந்தனையைச் சொல்லி அவர் கையில் வைத்தான். ஆன்ஷல் ஆசீர்வாதம் சொன்னார். முடித்து, பழத்தை ஸோரக்கிடம் திருப்பிக் கொடுத்தார். விலகிப் போகாமல் அங்கேயே நின்றார். பின்னால் ஊரே வரிசையில் நிற்கிறது.

"சொல்லு ஸோரக். அன்னிக்குப் பாதியில விட்டியே, அதை இன்னிக்காவது சொல்லிடு" என்றார்.

"அவ வரமாட்டா, ஆன்ஷல். பள்ளிக்கூடம் இல்லாட்டி நான் சொல்லிக் குடுக்கறேன். டாக்டர் வேணும்னா தூக்கிக்கிட்டு ஓடி வர்றேன். அவ என் பொண்ணுய்யா. தர்மம்னு சொன்னதெல்லாம் சும்மா. பயத்துல சொன்னது. என்னோடதுன்னு சொல்லிட்டா யாராவது வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்களோன்னு பயம்." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டான். பழத்தின் மேல் கண்ணீர் படாமல் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு அழுதான். ஆன்ஷல் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஜன்னலோரம் தன் இடத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். கெட்ஸல் முன்னால் வந்து, அன்று முதல்முறையாக அவசரப்படுத்தாமல் கையை நீட்டினான்.

பழம் ஊர் முழுக்கச் சுற்றி, மேல்மாடத்துக்கும் போய் வந்து, தொழுகை முடிந்தபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. எல்லோரும் பசியில் கூடாரங்களைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். ஹின்டா மாடிப்படி இறங்கி வந்தாள். கண்ணிமை தடித்திருந்தது. ஸோரக்கை அவள் பார்க்கவில்லை. நேரே டோப்ராவின் முன்னால் வந்து நின்றாள்.

"எங்க வீட்டுல ரொட்டி எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமாடி?"

"தெரியாது பெரியம்மா."

"இத்தனை வருஷமா நான் உனக்குக் காட்டவே இல்லையா?"

டோப்ரா இல்லை என்று தலையாட்டினாள்.

"வா, காட்டறேன். பண்டிகை முடியறவரைக்கும் இங்கதானே இருப்போம். வந்து நீயே எடுத்துக்கோ."

குழந்தை மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். போ என்று அவன் கையசைத்தான். இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு தெருவைக் கடந்து மரவியாபாரி வீட்டுக்குள் போனார்கள். ஸோரக் பழத்தை வைத்துக்கொண்டு வாசலுக்கு எதிரே நின்றான். வயிறு இரைந்தது. அவர்கள் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. அவன் கூப்பிடவே இல்லை.